சென்னையில் டிசைன் வேலையும் ஃப்ரீலான்ஸும்: எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது, எப்படிக் காசு வாங்குவது

டிசைன் படித்துவிட்டோ தானாகவே கற்றுக்கொண்டோ சென்னைக்கு வேலை தேடி வரும் பலர் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் கணக்குத் தொடங்கி, கண்ணில் படும் எல்லா விளம்பரத்துக்கும் ஒரே ரெஸ்யூமேயை அனுப்புகிறார்கள். மாதக்கணக்கில் பதில் வராது. அப்புறம், "டிசைனுக்கு இங்கே வேலையே இல்லை, பெங்களூருதான் போகணும்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த ஊரில் டிசைன் வேலை நிறைய இருக்கிறது. மென்பொருள், ஜவுளி, நகை, பதிப்பகம், சினிமா, பள்ளிக்கூடம், தொழிற்சாலை, அச்சகம் என்று அது தொழில்வாரியாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி ஏரியா, தனி சீசன், தனிப் பேச்சு. எந்தத் தொழிலுக்கு வேலை செய்யப்போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்தால் பாதி அலைச்சல் குறைந்துவிடும்.

முதல் படி: யாருக்கு வேலை செய்யப்போகிறீர்கள்?

சென்னை வரைபடத்தை ஒருமுறை டிசைனர் கண்ணோடு பாருங்கள்.

ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) முழுக்க மென்பொருள். தரமணியில் 2000-இல் திறந்த டைடல் பார்க்கில் ஆரம்பித்து, பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி வரை நீள்கிறது. கிண்டி, போரூர் பக்கமும் இதே கதைதான். ஸோஹோ மட்டும் தனியாக ஜிஎஸ்டி ரோட்டில், கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கிறது. ஸோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ், சார்ஜ்பீ போன்றவை சென்னையில் பிறந்த ப்ராடக்ட் கம்பெனிகள். இங்கே தேவைப்படுவது யூஐ (திரையின் தோற்றம்), யூஎக்ஸ் (பயன்படுத்துபவரின் அனுபவம்), ப்ராடக்ட் டிசைன். திரைகளை வடிவமைக்கும் ஃபிக்மா மென்பொருள் கைவர வேண்டும். அதைவிட முக்கியம், ஒரு திரையை ஏன் அப்படி அமைத்தீர்கள் என்று பேசத் தெரிய வேண்டும்.

நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டைப் பக்கம் விளம்பர ஏஜென்சிகளும் சிறிய ஸ்டுடியோக்களும். சம்பளம் ஆரம்பத்தில் குறைவாகத்தான் இருக்கும், நேரம் காலம் கிடையாது. ஆனால் ஒரே வருடத்தில் பத்து விதமான வேலை கையில் படும். அனுபவமே இல்லாதவருக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் என்றால் சினிமா. ஃபர்ஸ்ட் லுக், டைட்டில், பப்ளிசிட்டி டிசைன், விஎஃப்எக்ஸ். இங்கே விளம்பரம் பார்த்து வேலைக்குப் போனவர்கள் அபூர்வம். ஏற்கெனவே இருக்கும் ஒரு பப்ளிசிட்டி டிசைனரிடம் உதவியாளராகச் சேர்வதுதான் வாசல்.

தி.நகர் ஜவுளி, நகைக் கடைகளில் பெரியவற்றுக்குச் சொந்தமாகவே டிசைன் டீம் இருக்கும். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை சந்துகளில் அச்சகங்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும்.

பலர் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று உண்டு. அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகள். வால்வு, பம்பு, ஆட்டோ உதிரிபாகம் செய்கிறவர்களுக்கும் கேட்டலாக் வேண்டும், டப்பா டிசைன் வேண்டும், நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் கண்காட்சி வந்தால் ஸ்டால் வேண்டும். கவர்ச்சியான வேலை இல்லைதான். ஆனால் ஒருமுறை நம்பிவிட்டால் வருடக்கணக்கில் ஆளை மாற்ற மாட்டார்கள். ஃப்ரீலான்ஸ் செய்ய நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வண்டியைத் திருப்பிப் பாருங்கள்.

இவற்றில் ஒன்றை, அதிகம் போனால் இரண்டைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் படி: அந்தத் தொழிலுக்கான போர்ட்ஃபோலியோ (வேலை மாதிரித் தொகுப்பு)

ப்ராடக்ட் கம்பெனிக்கு விண்ணப்பிப்பவர் கல்யாணப் பத்திரிகை, யூடியூப் தம்ப்நெயில், லோகோ, ஆப் திரை என்று எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பில் போட்டால், பார்ப்பவருக்கு ஒன்றுமே பதியாது. பார்க்கிறவர் உங்களுக்காக ஒதுக்குவது ஓரிரு நிமிடம். அதற்குள் "இவர் நம்ம வேலையைச் செய்வார்" என்று தோன்ற வேண்டும். நாலைந்து வேலை போதும், நல்லதை முதலில் வையுங்கள்.

வாடிக்கையாளரே இல்லாதபோது என்ன காட்டுவது? நீங்களே எடுத்துச் செய்யுங்கள். ஆனால் உலகப் புகழ்பெற்ற ஆப்பை மறுபடி டிசைன் செய்வதில் பயனில்லை, ஆயிரம் பேர் செய்துவிட்டார்கள். உங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கவர் மேல் "காலை, மதியம், இரவு" என்று எழுதித் தருகிறார்களே, வயதானவர்கள் அதைப் பார்த்துக் குழம்புகிறார்களா? நாலு பேரிடம் கேளுங்கள், கவரை மாற்றி அமையுங்கள், அச்சடித்துக் கொடுத்துப் பாருங்கள், என்ன மாறியது என்று எழுதுங்கள். முன்பு இப்படி இருந்தது, இந்தச் சிக்கல் இருந்தது, இதை மாற்றினேன் என்கிற வரிசையில் ஒரு வேலையைச் சொல்லத் தெரிந்தவரைக் கம்பெனிகள் கூப்பிட்டுப் பேசும்.

டிசைன் வேலைகளைப் பதிவிடும் பிஹான்ஸ் தளத்தில் ஒரு பக்கம், போனில் உடனே திறக்கிற சிறிய பிடிஎஃப் ஒன்று. ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். சென்னையில் கடைக்காரர், அச்சகக்காரர், பதிப்பாளர் எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு லிங்க் அனுப்புவதைவிட மூன்று படம் அனுப்புவது மேல்.

மூன்றாம் படி: தமிழைத் தப்பில்லாமல் அமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதை நான் அழுத்திச் சொல்வேன். சென்னையில் நல்ல டிசைனர்கள் நிறைய உண்டு, தமிழைச் சரியாக அமைக்கத் தெரிந்த டிசைனர்கள் குறைவு. இந்த ஒரு திறமை உங்களுக்கு வேலை வாங்கித் தரும்.

ஃபோட்டோஷாப்பிலோ இன்டிசைனிலோ முதன்முறையாகத் தமிழ் அடிப்பவருக்கு "கொ" என்ற எழுத்து பிரிந்து, கொம்பு "க"வுக்குப் பின்னால் போய் நிற்கும். பலர் அங்கேயே பயந்து, தெரிந்தவரிடம் எழுத்தைப் படமாக வாங்கி ஒட்டுகிறார்கள். தேவையே இல்லை. இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் எழுத்து அமைப்பில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் உண்டு. இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் இந்திய மொழி வசதியை ஆன் செய்ய வேண்டும்.

அடுத்து, ஃபான்ட். முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். ஒரு ஃபான்டைத் தேர்ந்தெடுக்கும் முன் "ஸ்ரீ", "க்ஷ", "பௌ", "ணை" நாலையும் அடித்துப் பாருங்கள். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் விசிறியும் வரும், கீழே உகர ஊகார வால் இறங்கும். ஆங்கிலத்துக்கு வைக்கிற வரி இடைவெளியை அப்படியே வைத்தால் மேல் வரியின் "கூ"வும் கீழ் வரியின் "கீ"யும் இடித்துக்கொள்ளும். கூடுதலாக இடம் விடுங்கள். வரி உடையும்போது புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அச்சகத்தில் நிலைமை வேறு. அங்கே பல கணினிகளில் இன்னும் கோரல் டிராதான். பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய ஃபான்ட் முறைகளில் அடித்த கோப்புகள் வரும். யூனிகோடு ஃபான்டில் திறந்தால் புரியாத எழுத்தாகத் தெரியும். கன்வர்ட்டரில் மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு வைத்துப் படியுங்கள். அச்சுக்கு அனுப்பும்போது எழுத்துகளை கர்வ்ஸாக (கோட்டு வடிவமாக) மாற்றி, அச்சு நிறமுறையான சிஎம்ஒய்கேயில், வெட்டுக்கு ப்ளீட் (ஓரத்தில் கூடுதல் இடம்) விட்டு அனுப்புங்கள். இதெல்லாம் சரியாக வருகிற கோப்பைக் கொடுக்கும் பையனை அச்சகக்காரர் மறக்கவே மாட்டார்.

நான்காம் படி: சம்பள வேலைக்குப் போகும் வழி

போர்ட்டல்களை விட்டுவிடச் சொல்லவில்லை. நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் இருங்கள். மாணவர் என்றால் இன்டர்ன்ஷாலாவும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தேடும்போது "டிசைனர்" என்று மட்டும் போடாதீர்கள். ஒரே வேலைக்கு விஷுவல் டிசைனர், கிரியேட்டிவ் எக்ஸிக்யூட்டிவ், ப்ராடக்ட் டிசைனர் என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அச்சகமும் பதிப்பகமும் "டிடிபி ஆபரேட்டர்" என்றே விளம்பரம் கொடுக்கும்.

அதைவிடப் பலன் தருவது நேரடி முயற்சி. நீங்கள் தேர்ந்தெடுத்த தொழிலில் இருபது கம்பெனிகளைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றிலும் டிசைன் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று லிங்க்ட்இன்னில் பாருங்கள். எச்ஆரைவிட டிசைன் லீடுக்கு எழுதுவது நல்லது. நீளமாக வேண்டாம், யார், எந்த வேலை பிடித்தது, என்ன செய்யத் தெரியும், லிங்க். அவ்வளவுதான். பதில் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல்.

ஆட்களை நேரில் பார்ப்பதும் முக்கியம். எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது, அதன் மாணவர் கண்காட்சிக்குப் போங்கள். தரமணி நிஃப்ட், லயோலா விஸ்காம் மாணவர்களின் நிகழ்ச்சிகள், கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி, நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ், கதே இன்ஸ்டிடியூட் ஆகியவற்றின் கண்காட்சிகளுக்கு ஏஜென்சிக்காரர்கள், ஸ்டுடியோ நடத்துபவர்கள் வருவார்கள். அங்கே ரெஸ்யூமே நீட்ட வேண்டாம். பேசுங்கள், நம்பர் வாங்குங்கள், மறுநாள் ஒரு மெசேஜ் அனுப்புங்கள்.

நேர்காணலுக்கு முன் "டெஸ்ட்" கொடுப்பார்கள். சில மணி நேரத்தில் முடிகிற கற்பனைப் பணி என்றால் சரி. அந்தக் கம்பெனியின் அடுத்த மாத கேம்பெய்னையே முழுதாகக் கேட்டால், அது இலவச வேலை. "இதற்கு ஒரு கட்டணம் பேசிக்கொள்ளலாமா சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல கம்பெனி தப்பாக எடுத்துக்கொள்ளாது.

வேலை தர முன்பணம் கேட்பவரிடமும், ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வேன் என்பவரிடமும் சேராதீர்கள். எவ்வளவு கஷ்டத்தில் இருந்தாலும் சேராதீர்கள். இடையில் விலகக் கூடாது என்கிற பாண்டு இருந்தால் எத்தனை மாதம், விலகினால் எவ்வளவு என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீடு எங்கே என்பதையும் கணக்கில் எடுங்கள். ஆவடியிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் போய்வந்தால் உங்கள் சொந்த வேலைக்கு நேரமே மிஞ்சாது. வேளச்சேரி, திருவான்மியூர் பக்கம் பிஜி எடுத்தால் பறக்கும் ரயிலில் தரமணி, பெருங்குடி பக்கம். கூடுவாஞ்சேரி என்றால் கடற்கரை - செங்கல்பட்டு மின்சார ரயில் இருக்கிறது.

ஐந்தாம் படி: ஃப்ரீலான்ஸுக்கு ஊரின் நாள்காட்டியைப் படியுங்கள்

ஃப்ரீலான்ஸில் திறமைக்கு அடுத்தது நேரம். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் ஜவுளிக்கடைக்குப் போய் நின்றால் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அந்த வேலை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பேசி முடிந்திருக்கும்.

ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் ஜவுளிக்கடைக்கு அதுதான் தள்ளுபடி மாதம். வைகாசியிலேயே பேச வேண்டும். மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, தையில் குவியும்; தை கல்யாணத்துக்கான பத்திரிகை வேலை கார்த்திகையில் வந்துவிடும். நகைக்கடைக்கு அட்சய திருதியை பெரிய நாள். பள்ளி, கல்லூரிகளுக்குச் சேர்க்கை சமயத்துக்கு முன்பே பிராஸ்பெக்டஸ் கையில் இருக்க வேண்டும். டிசம்பர் கச்சேரி சீசனுக்குச் சபாக்கள் நிகழ்ச்சிப் புத்தகமும் மேடைப் பின்னணியும் செய்வார்கள். ஜனவரியில் பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சியையொட்டிப் பதிப்பகங்கள் புதுப் புத்தகங்களைக் குவிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அட்டைப்பட டிசைனர்களுக்குத் தூக்கம் கிடையாது. புத்தகக் காட்சிக்கு வாசகராகப் போங்கள், அட்டைகளைப் பாருங்கள், பிடித்த பதிப்பகத்தின் ஸ்டாலில் அறிமுகப்படுத்திக்கொண்டு நம்பர் மட்டும் வாங்கி வாருங்கள். விற்பனை நடக்கும்போது போர்ட்ஃபோலியோவைத் திறந்து காட்டுவது அவர்களுக்குத் தொந்தரவு. பிப்ரவரியில் பேசுங்கள்.

முதல் வாடிக்கையாளரைப் பிடிக்க எளிய இடம் அச்சகம்தான். விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், பத்திரிகை என்று டிசைன் கையில் இல்லாமல் வரும் ஆட்கள் அங்கே தினமும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கூட்டம் குறைந்த நேரத்தில் போய், "அண்ணே, டிசைன் வேலை அதிகமாகும்போது கூப்பிடுங்க, கோப்பு அச்சுக்குத் தயாராகவே தருவேன்" என்று சொல்லி, அச்சடித்த சாம்பிள் இரண்டு கொடுத்துவிட்டு வாருங்கள். ஆரம்பக் காசு குறைவுதான். ஆனால் காகிதம், பிளேட், மடிப்பு, லேமினேஷன் எல்லாம் அங்கே நின்று கற்றுக்கொள்ளலாம்.

கடைக்காரருக்கு எழுதுவதானால் இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். நான் கிராஃபிக் டிசைனர், பெரம்பூரில் இருக்கிறேன். உங்கள் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் தொடர்ந்து பார்க்கிறேன். பட்டுப் பிரிவுக்கு மூன்று போஸ்ட் மாதிரி செய்து இணைத்திருக்கிறேன். பிடித்திருந்தால் தீபாவளி வேலைக்கு ஒருநாள் நேரில் வந்து பேசட்டுமா?"

இப்போது இருக்கும் போஸ்டர் சரியில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதைச் செய்தது முதலாளியின் மகளாகவும் இருக்கலாம்.

ஆறாம் படி: விலை, அட்வான்ஸ், திருத்தம்

"ஒரு லோகோதானே தம்பி, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டதும் வாயில் வந்த எண்ணைச் சொல்லிவிடுவதால்தான் பலர் இந்தத் தொழிலை விட்டே போகிறார்கள். உங்கள் அடிப்படைக் கணக்கு வீட்டிலேயே போட்டிருக்க வேண்டும்.

வாடகை, சாப்பாடு, இன்டர்நெட், சாஃப்ட்வேர் சந்தா, வீட்டுக்கு அனுப்புவது, சேமிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 35,000 ரூபாய் வேண்டும் என்று வையுங்கள். மாதத்தில் 22 நாள் உழைத்தாலும் காசு வரும் வேலை பாதி நாள்தான். மீதி வாடிக்கையாளர் தேடுவது, பேசுவது, பில் போடுவது. அப்படியானால் 35,000-ஐ 11-ஆல் வகுங்கள், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3,200. நாலு நாள் பிடிக்கும் லோகோவுக்கு 12,800. இதற்குக் கீழே போனால் கைக்காசைப் போட்டு வேலை செய்கிறீர்கள். கேட்டதும், "என்னென்ன வேணும்னு ரெண்டு கேள்வி கேட்டுக்கறேன் சார், நாளைக்குக் கொட்டேஷன் அனுப்பறேன்" என்று சொல்லுங்கள்.

கொட்டேஷனில் எத்தனை மாதிரி, எத்தனை திருத்தம், எந்தக் கோப்பு வடிவம், எத்தனை நாள், அட்வான்ஸ் எவ்வளவு என்று எழுதுங்கள். பாதி அட்வான்ஸ் வந்த பிறகு தொடங்குவதும், மீதி வந்த பிறகு ஒரிஜினல் கோப்பைத் தருவதும் இங்கே யாருக்கும் புதிதில்லை.

பிழைதிருத்தம் யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். கல்யாணப் பத்திரிகையில் டிசைன் பிடிக்கவில்லை என்று வரும் சண்டையைவிட, மாமாவின் இனிஷியல் மாறிவிட்டது, முகூர்த்த நேரம் தப்பாகிவிட்டது, பெரியப்பா பெயர் கீழே போய்விட்டது என்று வரும் சண்டைதான் அதிகம். கடைசி புரூஃபை அனுப்பி, "எல்லாப் பெயரும் நேரமும் பார்த்துட்டோம், அச்சுக்கு அனுப்பலாம்" என்று அவர்கள் வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பிய பிறகே பிளேட்டுக்குக் கொடுங்கள். போனில் சொன்ன "ஓகே" போதாது.

ஏழாம் படி: காகிதங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் சம்பளத்துக்கு இருக்கும்போது வேலையின் பகுதியாகச் செய்வது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸில் உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இந்த விவரத்தை வாடிக்கையாளருக்கும் சொல்லுங்கள். லோகோவை வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்தப்போகிறவருக்கு ஒழுங்கான கடிதம் தேவை. முழுப் பணமும் வந்ததும் உரிமை மாறும் என்று அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

கம்பெனிகள் உங்களுக்குப் பணம் தரும்போது டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமானவரி) பிடிப்பார்கள். ஒரே நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் தொழில்முறைக் கட்டணத்துக்குப் பொதுவாக 10 சதவீதம். அது போன காசு இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று வருமானவரித் தளத்தின் வரிவரவு அறிக்கையில் (26ஏஎஸ்) பாருங்கள், ரிட்டர்ன் போட்டால் வரியில் கழியும், மிஞ்சினால் திரும்ப வரும். ஜிஎஸ்டி பதிவு, சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் கட்டாயம்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவை இன்றே செய்யுங்கள். அரசுத் தளத்தில் இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை. பதிவு செய்த சிறுதொழிலுக்கு வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதத்துக்கு வட்டியும் உண்டு. இழுத்தடித்தால் எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையத் தளத்தில் புகார் செய்யலாம். பல சமயம் அதுவரை போகத் தேவையே வராது. பில்லில் உத்யம் எண் இருந்தாலே அக்கவுண்ட்ஸ் பிரிவில் நடத்தும் விதம் மாறும், ஏனென்றால் கெடு தாண்டி, நிதியாண்டு முடிந்தும் தராமல் வைத்திருக்கும் தொகையை அந்த ஆண்டுச் செலவாக அவர்களால் வரிக்கணக்கில் காட்ட முடியாது. வேலை தொடங்கும் முன்பே பதிவு கையில் இருக்கட்டும்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள்

சென்னையில் உட்கார்ந்துகொண்டு அப்வொர்க், ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் தளங்கள் வழியாகச் சம்பாதிப்பவர்கள் உண்டு. ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும், அதைச் சேர்த்து விலை வையுங்கள். பேபால் இந்தியாவுக்குள் பணம் அனுப்பும் சேவையை 2021 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது, வெளிநாட்டிலிருந்து வாங்க மட்டும் பயன்படும். பணம் அனுப்பும் சேவைகளான பயோனீர், வைஸ் இரண்டின் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வரவுக்கும் வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்றை வாங்கி பில்லோடு சேர்த்து வையுங்கள், ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

புதியவர்கள் முழுவதுமாக இந்தத் தளங்களை நம்பி இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உலகம் முழுவதும் உள்ளவர்களோடு விலையில் போட்டிபோட வேண்டியிருக்கும். சிங்கப்பூர், மலேசியா, கனடா, பிரிட்டன் தமிழர்களின் கடைகள், கோயில்கள், தமிழ்ப் பள்ளிகள், சிறிய பதிப்பகங்கள் ஆகியவற்றுக்கும் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து சரியாக அமைந்த வேலை வேண்டியிருக்கிறது. அங்கே உங்களோடு போட்டிபோடுபவர்கள் மிகக் குறைவு. மூன்றாம் படியில் சொன்ன தமிழ் அமைப்பு கைவந்திருந்தால், இரண்டு மொழியில் செய்த மாதிரிகளைத் தனியாக ஒரு பிடிஎஃப்பாக வைத்துக்கொண்டு அவர்களுக்கு எழுதத் தொடங்குங்கள்.